மரத்துள் முதிரும் மது

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அணைந்து கிடப்பது கிண்ணியா. அதனை அடுத்த ஊர் குறிஞ்சாக்கேணி. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் இஸ்லாமியர். மார்க்க நெறிப்படி மதுவை விலக்கி வாழ்பவர். ஆயினும், மதுவை முதிர்விக்கும் கலையில் இம்மாவட்டத்தின் பெயர் ஒரு மரத்தின் வாயிலாக இடம்பெற்றிருக்கிறது. தமிழர் சவண்டலை என்றும் சிங்களவர் ஹல்மில்ல என்றும் அழைக்கும் அம்மரத்தை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே வழங்கினர்.

வறண்ட வலயக் காடுகளில் வளரும் இம்மரம் உறுதியுடையது. எனினும் வளைந்து கொடுப்பது. சென்னைப் பட்டினத்துக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், கரையலைகளைக் கடந்து கப்பல்களுக்குச் சென்றுவந்த மசூலாப் படகுகளைக் கட்ட இது பயன்பட்டது. நீரை வெளியே நிறுத்தவல்ல பலகை, மதுவை உள்ளே நிறுத்தவும் வல்லதன்றோ? இலங்கையில் தென்னஞ்சாராயம் வடிப்போர் தம் பெருந்தொட்டிகளை இம்மரத்தாலேயே அமைத்தனர்.

புதிதாக வடித்த சாராயம் நீர்போல் நிறமற்றது, நாவைச் சுடுவது. மரத்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது மூன்று மாறுதல்கள் நிகழ்கின்றன. மரத்தின் சாரம் மதுவில் இறங்கி நிறமும் மணமும் தருகிறது. நுண்துளைகள் வழியே காற்றுச் சிறிது சிறிதாகப் புகுந்து கடுமையைத் தணிக்கிறது. மதுவின் ஒரு பகுதி ஆவியாகி மறைகிறது. சிலவகைச் சாராயம் 15 ஆண்டுகள் வரை இவ்வாறு வைக்கப்படுவதுண்டு. ஆனால், போத்தலில் அடைத்தபின் அதன் வளர்ச்சி நின்றுவிடும்.

திராட்சை மதுவின் இயல்பு வேறு. அது போத்தலுக்குள்ளும் முதிர்கிறது. தென் அவுஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கில், வெயிலில் கனிந்த ஷிராஸ் பழத்திலிருந்து பெறும் செம்மது இதற்குச் சிறந்த சான்று. பழத்தோலும் விதையும் அதற்குத் தனின் எனப்படும் துவர்ப்பொருளை மிகுதியாகத் தருகின்றன. பாக்கை மெல்லும்போதும் கடுஞ்சாயத் தேநீரைப் பருகும்போதும் வாய் உலர்ந்து இழுப்பதை யாவரும் அறிவர். உமிழ்நீரின் புரதத்தைத் துவர்ப்பொருள் பற்றிக்கொள்வதே காரணம். காலம் செல்லச் செல்ல, அத்துவர்ப்பொருளும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று இணைந்து பெருத்து, ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. ஊதா கலந்த கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகிறது. புதுப்பழ மணம் தணிந்து, உலர்பழமும் புகையிலையும் பதனிட்ட தோலும் போன்ற மணங்கள் எழுகின்றன.

சுவை தேர்வோர் போத்தலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மதுவை வேறு கலத்தில் ஊற்றுவர். வெள்ளைத் துணியின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து விளிம்பின் நிறம் காண்பர், பின் முகர்வர், வாயில் சுழற்றி உமிழ்ந்துவிடுவர். புளிப்பு, துவர்ப்பு, பழச்சுவை ஆகியன தம்முள் ஒத்துள்ளனவா என்பதே அவர்கள் ஆராய்வது. பழச்சுவை வற்றித் துவர்ப்பு மட்டும் எஞ்சுமாயின், மேலும் காத்திருப்பதால் பயனில்லை.

காத்திருக்கத் தெரியாமை எவ்வளவு பிழைபட்ட தீர்ப்பை அளிக்கும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பென்போல்ட்ஸ் நிறுவனத்தின் மக்ஸ் ஷூபர்ட், பிரான்சின் போர்தோப் பகுதியில் பல்லாண்டு முதிர்ந்த மதுக்களைக் கண்டு திரும்பி, 1951 இல் அடிலெய்டுக்கு அருகே மகில் என்னுமிடத்தில் ‘கிராஞ்ச்’ என்ற செம்மதுவை ஆக்கினார். புதிய அமெரிக்க ஓக் பீப்பாக்களை அதற்குப் பயன்படுத்தினார். இளமையிலேயே அதனைச் சுவைத்தோர் பழித்தனர். 1957 இல் நிறுவனம் அதனை நிறுத்தப் பணித்தது. அவரோ புதிய பீப்பாக்கள் இன்றியே, மூன்று ஆண்டுகள் மறைவாகத் தொடர்ந்தார். அதற்குள் முந்தைய ஆண்டுகளின் மது முதிர்ந்தது. பழித்தவர் கருத்தும் மாறியது. 1960 இல் தடை நீங்கியது. 1955 ஆம் ஆண்டு மது பின்னர்ப் பல பொற்பதக்கங்களைப் பெற்றது.

செம்மது 12 முதல் 15 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சியில், இருளில், அசையாது கிடக்க வேண்டும். திருகோணமலையின் வெப்பம் அதனை விரைந்து மூப்படையச் செய்துவிடும். சவண்டலைத் தொட்டியில் முதிரும் சாராயமோ இந்நாட்டு வெப்பத்திற்கே பழகியது. எனினும் இரண்டும் கேட்பது ஒன்றே: நல்ல மரமும் நீண்ட காலமும். அம்மரமும் ஒரு நாளில் வளர்வதன்று. வெட்டியவர் காணும் பயனுக்கு முன்னே, காடு பல பத்தாண்டுகள் காத்திருந்தது. அக்காட்டைக் காப்பதும் அக்கலையைக் காப்பதேயாகும்.