மரம் பட்டுப் போவது ஏன்? வேரைக் கவனியுங்கள்!

சென்னை கோட்டூர்புரத்தில், குப்பை கொட்டிய ஆற்றங்கரை நிலத்தில், 2006-ல் "நிழல்" என்ற அமைப்பு மரக்கன்றுகளை நட்டது. இன்று அது அழகிய மரப் பூங்கா!

ஒருபுறம் புதுமரம் வளர்கிறது. மறுபுறம், வீட்டு வாசலில் பல காலம் நின்ற மரம் நுனியிலிருந்து காய்கிறது. காரணம் என்ன?

காய்வது கிளை; கோளாறு பெரும்பாலும் வேரில்!

வேரும் மூச்சு விடுகிறது. அடிமரம் வரை சிமெண்டு பூசினால் மண்ணுக்குள் காற்றும் நீரும் இறங்குவதில்லை. வெள்ளம் நாள்கணக்கில் தேங்கினால் வேர் அழுகும். குழாய் பதிக்கத் தோண்டும்போது வேரை வெட்டினால், ஓரிரு ஆண்டு கழித்துக்கூடக் கிளை காயும்.

தில்லியில் 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள சிமெண்டை அகற்றும்படி உத்தரவிட்டது.

வேம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தையொட்டி நுனிக்கொழுந்துகள் கருகினால், அது பூஞ்சை நோயாக இருக்கலாம். அப்படிக் கருகிய வேம்பு மறுபடி துளிர்ப்பதும் உண்டு.

மரத்துக்கு உயிர் இருக்கிறதா? கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. காய்ந்த கிளையை மட்டும் வெட்டுங்கள். அடியில் உள்ள சிமெண்டைக் கொத்தி எடுங்கள். வேரில் கடப்பாரை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த துளிர் வரும் வரை பொறுங்கள்.

கோடாலிக்கு அவசரம் வேண்டாம்!