பிள்ளைக்கு ஒரு ஆபத்தென்றால் யாரிடம் சொல்வது?

நீர்வேலியின் செம்மண் தோட்டங்களில் வாழைக்கும் வெங்காயத்துக்கும் பாடுபடும் குடும்பங்களில் இடப்பெயர்வை அறியாதவை மிகச் சில. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்கள் உறவினர் வளவுகளிலும் முகாம்களிலும் ஒதுங்கினார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. 1996 ஏப்ரலுக்குப் பின்னர் பலர் ஊர் திரும்பினர். ஆயினும் வலிகாமம் வடக்கின் காணிகள் எல்லாம் இன்னும் விடுவிக்கப்படவில்லை. இதனால் இன்றும் பிறர் காணியில் குடியிருந்து, பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போகும் குடும்பங்கள் உள்ளன. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கானது.

சொந்த ஊரில் ஒரு பிள்ளையைப் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மம்மா பார்ப்பார், குஞ்சியம்மா பார்ப்பார், வேலிக்கு அப்பாலிருந்து அயலவர் குரல் கொடுப்பார். இடம்பெயர்ந்த வளவில் அந்தக் கண்கள் இல்லை. தாயும் தகப்பனும் விடியவே தோட்டத்துக்குப் போனால் பிள்ளை தனித்துவிடும். அல்லது நன்கு அறியாத ஒருவரின் பொறுப்பில் விடப்படும். அங்கே பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், ‘இருக்க இடம் தந்தவர்கள் என்ன நினைப்பார்களோ’ என்ற பயம் பெற்றோரின் வாயைக் கட்டிவிடுகிறது. அந்தப் பயத்தை நீக்க, யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு அலுவலகங்கள், இரண்டு வேலைகள்

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்று பலர் நினைக்கின்றனர். அவை வேறு வேறு. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபை. இறுதியாக 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரம், பொதுப் பாதைகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், மக்கள் நலன் என்பன அதன் பொறுப்பு. பிள்ளைகள் போய்வரும் ஒழுங்கையின் விளக்கு, பொதுக் கிணற்றின் கட்டு, விளையாட்டு மைதானம், வாசிகசாலை, சபை நடத்தும் முன்பள்ளி ஆகியவற்றை அங்கேதான் கேட்க வேண்டும். உங்கள் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை நீங்கள் வைத்திருங்கள்.

ஆனால் ஒரு பிள்ளை அடிக்கப்பட்டாலோ, பாலியல் தீங்குக்கு உள்ளானாலோ விசாரிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. அதற்கான உத்தியோகத்தர்கள் கோப்பாயிலுள்ள பிரதேச செயலகத்துடன் இணைந்து பணியாற்றுகின்றனர். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தர் ஆகியோரே அவர்கள். அந்த அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் சிறுவர் அபிவிருத்திக் குழு உண்டு. கிராம அலுவலர், குடும்பநல மருத்துவிச்சி, ஆசிரியர், மதகுருமார், ஊர்ப் பிரதிநிதிகள் இதில் கூடுகின்றனர். இடம்பெயர்ந்த குடும்பங்களும் இதில் ஓரிடம் கேட்க வேண்டும். பதிவு வேறு பிரிவில் இருக்கிறது என்பதற்காக உங்கள் பிள்ளையின் முறைப்பாட்டை ஒருவரும் தட்டிக்கழிக்க முடியாது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை

1. பிள்ளை சொல்வதை அமைதியாகக் கேளுங்கள். ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று ஏசாதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை வாய் மூடிவிடும்.

2. பிள்ளை சொன்னதை அதே சொற்களில், திகதியுடன் எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுப் பிள்ளையை வதைக்க வேண்டாம். முறையான விசாரணையை அதற்குரியவர்கள் செய்வார்கள். 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் சான்றாக ஏற்கலாம்.

3. 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம். தமிழிலேயே பேசலாம். பெயரைச் சொல்லாமலும் தகவல் தரலாம். உடனடி ஆபத்தென்றால் பொலிஸாருக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990.

4. உடலில் தீங்கு நேர்ந்திருந்தால் தாமதியாமல் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு முன் குளிக்கவார்க்கவோ உடுப்பைத் தோய்க்கவோ வேண்டாம்.

முறைப்பாடு கிடைத்ததும் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவு விசாரித்து நீதவான் நீதிமன்றுக்கு அறிக்கையிடும். பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது ஆபத்தென்று கண்டால், தகுந்த உறவினரிடமோ பாதுகாப்பு இல்லத்திலோ விடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். ‘சொன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்’ என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஆனால், வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிப்பது சட்டத்தின் நோக்கமல்ல. வறுமைதான் தொல்லையென்றால் அதற்கான உதவியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

ஊரோடு பேசி முடிக்கும் வழக்கம்

எல்லை வழக்கையும் தண்ணீர்ப் பங்கையும் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம். ஆனால் பிள்ளைக்குச் செய்த தீங்கை அவ்வாறு தீர்க்க முடியாது. 16 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையுடன் உறவுகொள்வது, அவள் சம்மதித்தாள் என்றாலும் குற்றமே. தண்டப்பணம் வாங்குவதும், செய்தவனுக்கே கட்டிக்கொடுப்பதும் குடும்ப மானத்தைக் காப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவை தீங்கு செய்தவனையே காப்பாற்றுகின்றன. அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான். மானம் போக வேண்டியது தீங்கு செய்தவனுக்கே அல்லாமல் பிள்ளைக்கல்ல. பிள்ளையின் பெயரையோ படத்தையோ எங்கும் வெளியிடவும் கூடாது.

இது எமது விடுதிகளுக்கும், மறைக்கல்வி வகுப்புகளுக்கும், மாலை வகுப்புகளுக்கும் பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவர் குருவானவராயினும் ஆசிரியராயினும் முறைப்பாடு போகும் வழி ஒன்றே. ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையைச் சீடர்களின் நடுவில் நிறுத்தினார். பெரியவர்களின் பெயரைக் காக்கப் பிள்ளையை ஓரத்தில் தள்ளுவது அவருடைய வழியல்ல.

தோட்டத்திலும் கவனம்

தீங்கு செய்பவர் மனிதர் மட்டுமல்லர். கட்டில்லாத தோட்டக் கிணறு, சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த பூச்சிமருந்து, மூடியில்லாத பம்புப் பட்டி ஆகியவையும் உயிரைக் குடிக்கும். கிணற்றுக்குக் கட்டு எழுப்ப வசதியில்லையெனில் பனைமட்டை வரிச்சாலாவது அடையுங்கள். மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே பூட்டி வையுங்கள்.

வெங்காய அறுவடைக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து மறிக்காதீர்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. 2021 முதல், கூலி வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16 ஆகும். இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரதி கேளுங்கள். அது கிடைக்கும் வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அதிபருடன் பேசிப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் பிரிவின் கிராம அலுவலர், மருத்துவிச்சி, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகிய மூவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு, 1929 உடன் சேர்த்து ஒரு மட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிடுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுங்கள். கிராமக் குழு எப்போது கூடுகிறதென விசாரித்து, உங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு தாயாவது அதற்குப் போகட்டும்.