கார்த்திகை விண்மீன்களைச் சுற்றி நீலப் புகை ஏன்?

மழைவிட்ட மார்கழி இரவில் மடுல்சீமை லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே ஆறு விண்மீன்கள் சிறு கொத்தாகத் தெரியும். அதுதான் கார்த்திகை, சுமார் 440 ஒளியாண்டு தொலைவு. தொலைநோக்கிப் படங்களில் அதைச் சுற்றி நீலப் புகை படர்ந்திருக்கும். எங்கிருந்து வந்தது?

இந்த விண்மீன்கள் பிறந்த மேகத்தின் மிச்சம் என்றே முன்பு எண்ணினார்கள். ஆனால் கார்த்திகைக்கு வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. அந்த மேகம் எப்போதோ கலைந்துவிட்டது. இது வழியில் எதிர்ப்பட்ட வேறொரு தூசு மேகம்!

பசறையிலிருந்து ஏறும் பஸ் மூடுபனிக்குள் நுழையும்போது கவனித்திருப்பீர்கள். பனி தானாக ஒளிர்வதில்லை. ஹெட்லைட் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. விண்வெளித் தூசும் அப்படித்தான். அந்த நுண்துகள்கள் சிவப்பைவிட நீலத்தையே அதிகம் சிதறடிக்கும். விண்மீன்களும் நீலம், கேட்கவா வேண்டும்!

ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தின் கதை வேறு. அங்கே விண்மீன்கள் பிறந்த மேகம் இன்னும் கலையவில்லை; புது விண்மீன்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன.