குருதி வெல்லமும் அதன் அளவையும்

நோய்களுள் நாவின் சுவையால் அறியப்பட்ட நோய் ஒன்று உண்டெனின் அது நீரிழிவேயாம். வடமொழி மருத்துவ நூலார் இதனை மதுமேகம் என வழங்கினர். மது என்பது தேன். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டை இந்திய வைத்தியர் கண்டிருந்தனர். ஐரோப்பாவில் 1674-ம் ஆண்டளவில் தோமசு வில்லிசு என்னும் ஆங்கில வைத்தியர் அச்சிறுநீர் தேன்போல் இனிப்பதைக் குறித்தார். 1776-ம் ஆண்டில் இலிவர்ப்பூல் நகரத்து மத்தேயு டொப்சன், சிறுநீரை வற்றக் காய்ச்சி அதனின்று வெல்லத்தை வேறாக்கிக் காட்டியதோடு, நோயாளியின் குருதியின் நீர்ப்பகுதியும் இனிப்புடையது எனக் கண்டார். ஆகவே இனிப்புச் சிறுநீரகத்தில் உண்டாவதன்று. குருதியில் முன்னரே மிகுந்திருப்பது. இன்று எமது விரல்நுனியிற் குத்தி ஒரு துளி எடுக்கும் செயலுக்கு அடிப்படை இவ்வுண்மையே.

புதிதாக நீரிழிவு உண்டெனச் சொல்லப்பட்டவரின் கையில் ஓர் எண் எழுதிய துண்டு கொடுக்கப்படுகின்றது. பரீட்சைப் பெறுபேறு பார்க்கும் மாணாக்கனைப்போல் அவ்வெண்ணைக் கண்டு நடுங்குவோர் உளர். அதனை மடித்து அலுமாரியில் வைத்து மறப்போரும் உளர். இருசாராரும் அவ்வெண் எதனைச் சொல்கின்றது என்று கேட்பதில்லை. அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் உண்ணும் சோறு, பிட்டு, இடியப்பம் முதலியவற்றின் மாப்பொருள் குடலிற் குளுக்கோசு என்னும் எளிய வெல்லமாகிக் குருதியிற் கலக்கின்றது. சதையி சுரக்கும் இன்சுலின் அதனைத் தசையினுள்ளும் கொழுப்பிழையத்தினுள்ளும் புகச்செய்கின்றது. எஞ்சியதில் ஒரு பகுதியை ஈரல் சேமித்துவைத்து, உணவில்லாத வேளையில் மீண்டும் வெளிவிடுகின்றது. நலமுள்ள ஒருவர் வெறுவயிற்றோடு இருக்கையில் ஒரு தெசிலீற்றர் குருதியில் நூறு மில்லிகிராமிலுங் குறைவான குளுக்கோசே காணப்படும். உடலிலுள்ள ஐந்து லீற்றர் குருதி முழுவதையும் கணக்கிடினும் இது ஏறத்தாழ ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி. இச்சிறு அளவு ஆறேகால் கிராம் ஆகும்பொழுது நோயெல்லை தாண்டப்படுகின்றது. உடல் எத்துணை நுண்ணிய தராசு என்பது இதனால் விளங்கும்.

எட்டு மணி நேரமாவது உணவின்றி இருந்தபின் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருத்தல், அல்லது 75 கிராம் குளுக்கோசு பருகி இரண்டு மணி நேரத்தின்பின் 200-ஐ எட்டுதல் நீரிழிவின் அடையாளம். தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல் முதலிய குறிகள் இல்லாதவரிடத்து ஒரு சோதனை மட்டும் போதாது. வேறொரு சோதனையால் அது உறுதிப்படுத்தப்படல் வேண்டும். சில ஆய்வுகூடங்கள் மில்லிமூல் என்னும் அலகில் விடை தருகின்றன. அதனைப் பதினெட்டாற் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். ஏழு என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர், அது 126 என்று அறிதல் நலம். வெறுவயிறு என்பதற்கும் எம்மவரிடையே பல பொருள் உண்டு. நீர் அருந்தலாம், ஆனால் வெறுந்தேநீர் என்று சொல்லி மூன்று கரண்டி சீனியிட்டுப் பருகிச் செல்பவரின் வயிறு வெறுவயிறன்று.

முன்னாளில் சிறுநீரைப் பெனடிற்றின் கரைசலுடன் கொதிக்கவைத்து நிறம் பார்த்தனர். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கட்டி நிறமாதலை எமது பாடசாலை ஆய்வுகூடத்திலும் மாணாக்கர் காண்பர். ஆயின் குருதியில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே வெல்லம் சிறுநீரில் வழிகின்றது. 160 உள்ளவரின் சிறுநீரிற் கரைசல் நீலமாகவே நிற்கலாம். நோயோ உள்ளே வளரும். எனவேதான் குருதியை நேரே அளக்கும் முறை வேண்டப்பட்டது. 1962-ம் ஆண்டில் கிளாக்கு, இலயன்சு என்னும் இருவர் குளுக்கோசை ஒட்சியேற்றும் நொதியமொன்றை மின்வாயுடன் இணைக்கும் வழியை வெளியிட்டனர். 1970-ம் ஆண்டளவில் முதல் மானி வந்தது. அது ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. இன்றைய மானி சட்டைப்பையில் அடங்குகின்றது. கீற்றிலுள்ள நொதியம் குளுக்கோசினின்று இலத்திரன்களை விடுவிக்க, அம்மின்னோட்டத்தை மானி எண்ணாக மாற்றுகின்றது.

இம்மானி துல்லியமானதெனினும் பிழையற்றதன்று. 2013-ம் ஆண்டின் சர்வதேச நியமம், நூறுக்கு மேற்பட்ட அளவுகளிற் பதினைந்து வீத வேறுபாட்டை அனுமதிக்கின்றது. 150 எனக் காட்டியதும் சற்றுப் பின் 160 எனக் காட்டியதும் ஒரே நிலையாகலாம். அதனைக்கொண்டு மருந்தை மாற்றுவது அறிவுடைமையன்று. மாம்பழம் உரித்த கையைக் கழுவாது குத்தினால் பழத்தின் வெல்லமும் சேர்ந்து அளக்கப்படும். கீற்றுப்புட்டியைத் திறந்துவைத்து ஈரம்புகவிடுவதும் பிழைக்கு இடமாகும்.

இவை யாவும் ஒரு கணத்தின் அளவைகள். மூன்று மாத வரலாற்றைக் கூறுவது எச்.பி.ஏ.1சி என்னும் சோதனை. செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதனுள்ளிருக்கும் ஈமோகுளோபினில் குளுக்கோசு மெல்ல ஒட்டிக்கொள்கின்றது; குருதியில் வெல்லம் மிக மிக ஒட்டுவதும் மிகும். ஈரானியராகிய சாமுவேல் ரகுபார் 1960-களின் இறுதியில் நீரிழிவாளரிடத்து இது மிகுந்திருப்பதைக் கண்டார். 2011-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் 6.5 வீதத்தை நோயறிதலுக்குரிய எல்லையாக ஏற்றது. கிளினிக்கு நாளுக்கு முன் இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, வைத்தியரிடம் நல்ல எண்ணைக் காட்டும் வழக்கம் எம்மிடையே உண்டு. விரற்குருதி இதற்கு ஏமாறும், செங்குழியம் ஏமாறாது. ஆயினும் தலசீமியா போன்ற குருதிநோய் உள்ளவரிடத்தும், அண்மையிற் குருதி ஏற்றப்பட்டவரிடத்தும் இச்சோதனை வழுவும். அதனை வைத்தியரிடம் முன்னரே சொல்லல் வேண்டும்.

பனங்கட்டி இயற்கையானது, ஆதலால் தீங்கற்றது என்று வாதிடுவோருக்கு மானியே விடைகூறும். உண்ணுமுன் ஒருமுறையும் இரண்டு மணி நேரத்தின்பின் ஒருமுறையும் அளந்து பார்க்கட்டும். பனங்கட்டியின் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். இவ்வாறு ஒருவர் தம் உணவைத் தாமே சோதித்தறிதல் மானியின் தலையாய பயன் என்பது என் கருத்து.

அதிக வெல்லத்தையே அஞ்சுகின்றோம். குறைவு அதனிலும் விரைந்து கொல்லக்கூடியது. இன்சுலினோ, கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு முதலிய மாத்திரைகளோ கொள்பவர் கந்தசட்டி முதலிய விரதங்களில் உணவை விட்டு மருந்தை விடாதிருப்பின் வெல்லம் 70-க்குக் கீழ் வீழலாம். வியர்வை, நடுக்கம், கடும்பசி, பேச்சுத் தடுமாற்றம் என்பன அதன் குறிகள். கோயிலில் இவ்வாறு தள்ளாடி வீழ்பவரை விரதக்களைப்பு என்று படுக்கவைத்து விசிறுவர். உணர்வுள்ளவராயின் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தின்பின் மீண்டும் அளத்தல் வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். விரதம் பிடிக்க விரும்புவோர் சில கிழமைகளுக்கு முன்னரே தம் வைத்தியரோடு பேசி மருந்தின் அளவையும் வேளையையும் ஒழுங்குசெய்து கொள்ளலாம்.

எத்தனை முறை அளப்பது என்பது எல்லோர்க்கும் ஒன்றன்று. இன்சுலின் ஏற்றுவோர் நாளிற் பலமுறை அளக்கவேண்டியிருக்கும். மெற்போமின் மட்டும் கொண்டு நிலையாக இருப்பவருக்கு நாடோறும் குத்துதல் வீண் செலவு. கீற்றின் விலையும் குறைவன்று. பலருக்கு வெறுவயிற்றில் 80 முதல் 130 வரையும், எச்.பி.ஏ.1சி ஏழு வீதத்துக்குக் கீழும் இலக்காகக் கொள்ளப்படுகின்றன. முதியோர்க்கு, வீழ்ச்சியின் ஆபத்துக் கருதி, வைத்தியர் இவ்வெல்லையைத் தளர்த்துவர். அளந்த எண்ணோடு திகதி, நேரம், உண்டது, கொண்ட மருந்து ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கிளினிக்கிற்கு எடுத்துச்சென்றால், இரண்டு நிமிடமே பார்க்க இயலும் வைத்தியருக்கும் அவ்விரண்டு நிமிடம் போதியதாகும்.