கண்ணாடிப் புட்டியில் வந்த விருந்தாளி

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, நசரத்பேட்டையில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தோம். வயல்களாய் இருந்த இடங்களெல்லாம் இன்று வீட்டு மனைகளாகிவிட்ட ஊர் அது. மழை பெய்து நீர் தேங்கினால், வளைகளில் வாழும் உயிர்கள் மேட்டை நாடி வீடுகளுக்குள் புகுவது அங்கு வழக்கம்.

நாம் அமர்ந்ததும் அவ்வீட்டுச் சிறுவன், வயது பதினொன்று இருக்கும், ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து நம் முன் வைத்தான். உள்ளே விரல் பருமனில், கரும்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகளோடு ஒரு பாம்புக் குட்டி. அருகில் ஒரு மூடியில் பால்.

"நான் இதை வளர்க்கப் போகிறேன், மாமா. பால்தான் குடிக்கமாட்டேன் என்கிறது" என்றான். தாயார் கதவோரம் நின்று, "தொடாதே என்றால் கேட்பதில்லை ஐயா. விஷமில்லாத பாம்பு என்று இவனுடைய நண்பன் சொன்னானாம்" என்று கலங்கினார்.

நமக்கும் நெஞ்சு படபடத்தது. வெள்ளைப் பட்டையுள்ள சிறு பாம்புகளில் நம் பகுதியில் இரண்டு உண்டு. ஒன்று நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பு; மற்றது கொடிய நஞ்சுடைய கட்டுவிரியன். புட்டியை இறுக மூடி, எவரும் தொடாமல் வைத்துவிட்டு, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பெரியவர் ஒருவரை வரவழைத்தோம். அவர் புட்டியைத் திருப்பித் திருப்பி இருமுறை பார்த்த பிறகே, "ஓநாய்ப் பாம்புதான், ஐயா" என்றார். கழுத்தருகே தெளிவாய் இருக்கும் பட்டைகள் வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கினால் அது ஓநாய்ப் பாம்பு. கட்டுவிரியனுக்கோ வாற்பக்கத்தில்தான் பட்டைகள் தெளிவு என்று விளக்கினார். "ஆனால் இதை வைத்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நானே இருமுறை பார்த்தேன் அல்லவா?" என்றும் சொன்னார்.

அச்சொல் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் உரியது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைத் தீண்டும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பிறகு வயிற்று வலியும், இமை திறக்க இயலாமையும், மூச்சுத் திணறலும் தோன்றும். கடித்த இடத்தைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், அவ்வுறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனிப் பாலின் செய்தி. பாம்புக்குப் பால் உணவன்று. தாகத்தால் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் பருகக்கூடும். பால் அதற்குத் தீங்கே செய்யும். ஓநாய்ப் பாம்பின் இரை பல்லியினம். சாரையின் இரை எலியும் தவளையும். வீட்டில் அடைத்து வைத்தால் பெரும்பாலும் பட்டினியே கிடந்து மடியும். அன்றியும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம்.

வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்போர் இப்போது நகரங்களில் உண்டு. அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு அவற்றுள் ஒன்று. இத்தகைய உயிர்கள் கள்ளத்தனமாகவும் வருகின்றன. 2023 ஏப்ரலில், கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். 2024இல் வந்த விதிகளின்படி, சட்டப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். நம் வீட்டு இளைஞர் எவரேனும் இதை விரும்பினால், முதலில் கேட்க வேண்டியது, "சீட்டு எங்கே?" என்பதே.

அடுத்துக் கேட்க வேண்டியது, "பொறுமை உண்டா?" என்பது. புதிதாய் வந்த பாம்பை முதல் வாரம் தொடலாகாது. நீரும் ஒளிந்துகொள்ள இடமும் மட்டும் தர வேண்டும். இரை, பாம்பின் உடலில் பருத்த பகுதியின் அளவை மீறக்கூடாது. குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரு வாரமோ அதற்கு மேலோ. உயிருள்ள எலி பாம்பையே கடித்துப் புண்ணாக்கும். ஆகையால் உறைய வைத்த எலியை உறைநிலை நீக்கி, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் தருவர். இரை உண்டபின் இரண்டு நாளுக்குள் தூக்கினால் கக்கிவிடக்கூடும். கண் பால்போல் மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள், அப்போதும் தொடலாகாது. தூக்கும்போது தலையைப் பிடிக்காமல், நடு உடலை இரு கைகளாலும் தாங்க வேண்டும். பின்பு சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். குடல் நோய்க் கிருமிகள் பரவக்கூடும் என்பதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அண்டவிடாதிருத்தல் நலம். இதுவோ இருபது, முப்பது ஆண்டு வாழும் உயிர். மகன் வேலைக்கும் மகள் மணமாகியும் சென்றபின் அதை யார் பார்ப்பார்?

சலித்துப்போய் வெளியே விட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா சான்று. வளர்ப்புக்காகக் கொண்டுபோகப்பட்டுச் சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள், அங்குள்ள சிற்றுயிர்களை அருகச் செய்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும். இவ்விருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்கள் இனத்தார் 1978இல் வடநெம்மேலியில் அமைத்த கூட்டுறவுச் சங்கம், பாம்புகளை மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது. அந்நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. நாம் ஒதுக்கி நிறுத்திய மக்களின் கைகள் நம் பிள்ளைகளின் உயிரைக் காக்கின்றன.

அன்று மாலை அப்பெரியவர் குட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது சிறுவன் அழுதான். அவர் குனிந்து, "தம்பி, இது உன்னைத் தேடி வரவில்லை, வழி தவறி வந்தது. வழியில் விடுவதுதான் உதவி" என்றார். பின்னர் தந்தையார் அவனைக் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் சென்றார். இப்போது அவ்வீட்டில் பாம்பு வந்தால் தடியை எடுப்பதில்லை; வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தொலைபேசியில் சொல்லிவிட்டு, எட்ட நின்று காவல் இருக்கிறார்கள்.

ஏதேன் தோட்டத்துக் கதை கேட்டு வளர்ந்த நமக்குப் பாம்பென்றாலே வெறுப்பு. ஆயினும் அதுவும் படைத்தவரின் கைவேலையே. அதைக் கொல்லாதிருப்பது அறம். கூண்டில் அடைக்காதிருப்பது அறிவு. இரண்டையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.