சரளைக் குழியில் நாணல் காடு

வீடு கட்டும் இடத்தில் கான்கிரீட் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிமென்ட், மணல் இவற்றுடன் பாறையை உடைத்த ஜல்லியும் அதில் சேரும். இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் கடினமான பாறை அரிது. ஆகவே அங்கே ஆற்றோரச் சரளைக்கற்களைத் தோண்டிப் பயன்படுத்துகிறார்கள்.

ஆற்றோரத்தில் சரளை எப்படி வந்தது? பனியுகத்தில், கோடைதோறும் உருகிய பனிநீர் ஆறுகளில் பெருக்கெடுத்தது. அந்த வெள்ளம் கற்களை உருட்டி வந்து, வேகம் தணிந்த இடங்களில் பரப்பியது. பிற்கால வெள்ளங்கள் அதன்மேல் வண்டலைப் போர்த்தின. இப்படி உண்டான தட்டை நிலமே வெள்ளச் சமவெளி.

இங்கே சில அடி தோண்டினாலே நிலத்தடி நீர் தட்டுப்படும். பம்பு வைத்து இறைத்துக்கொண்டேதான் சரளையை எடுப்பார்கள். வேலை முடிந்து பம்பை நிறுத்தியதும் குழி ஏரியாகிவிடும். மண் கொட்டி மூடிவிடலாமே என்பீர்கள். எடுத்த சரளை நகரத்தில் கட்டடங்களாக நிற்கிறதே! அத்தனை மண்ணுக்கு எங்கே போவது? குப்பையைக் கொட்டினாலோ, அதன் கசிவு சுற்றியுள்ள சரளை வழியே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

ஓரங்களில் மீண்டும் பயிரிட விரும்பினால், தோண்டுவதற்கு முன்பே மேல்மண்ணை வழித்துத் தனியே வைக்க வேண்டும். அடிமண்ணை அதனுடன் கலக்கக் கூடாது. குவியலை மிக உயரமாகவும் போடக் கூடாது. போட்டால் அடியில் காற்றுப் புகாமல் மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் மடியும். ஈரமாக இருக்கும்போது கனரக வண்டி ஏறினால் மண் இறுகி, வேர் இறங்காது. மேல்மண்ணைக் கெடுக்க ஒரு மழைநாள் வேலையே போதும்!

ஆற்றுக்கு மிக அருகில் தோண்டுவதில் வேறோர் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஈஸ்ட் ஃபோர்க் லூயிஸ் என்ற ஆறு, 1996 வெள்ளத்தின்போது தன் பழைய பாதையை விட்டுப் பக்கத்துச் சரளைக் குழிகளுக்குள் புகுந்துவிட்டது. அப்படி நேர்ந்தால், ஆறு உருட்டி வரும் கற்களெல்லாம் குழிகளில் தங்கிவிடும். கீழ்ப்பகுதிக்குச் சரளை கிடைக்காது; சால்மன் மீன்கள் முட்டையிடச் சரளைப் படுகை வேண்டுமல்லவா?

சரி, குழியை ஏரியாகவே விட்டுவிட்டால் என்ன? செங்குத்தான கரையும் அதிக ஆழமும் கொண்ட ஏரியில் உயிர்கள் பெருகுவது கடினம். ஆழத்தில் வெளிச்சம் குறைவு; கரையில் செடி வேரூன்ற இடமில்லை; கொக்குக்குக் கால் ஊன்றவும் இடமில்லை. சரிவான கரை அமைக்க வேண்டுமானால், இயந்திரங்கள் அங்கேயே இருக்கும்போது, தண்ணீர் ஏறுமுன் செய்துவிட வேண்டும்.

கேம்பிரிட்ஜ்ஷயரில் கிரேட் ஊஸ் ஆற்றின் அருகே நீடிங்வொர்த்தில் அவ்வாறே செய்கிறார்கள். சுமார் 30 ஆண்டுகளில் 2 கோடியே 80 லட்சம் டன் மணலும் சரளையும் எடுப்பது அங்குள்ள திட்டம். ஒரு பகுதியில் தோண்டும்போதே, தோண்டி முடித்த பகுதியைச் சீரமைத்துப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்திடம் ஒப்படைக்கிறார்கள். விற்பனைக்கு உதவாத மண்ணையும் களியையும் கொண்டு வரப்புகளும் ஆழம் குறைந்த படுகைகளும் அமைக்கிறார்கள். மதகுகள் நீர்மட்டத்தைக் காக்கின்றன. நட்ட நாணல் வேர்த்தண்டு மூலம் தானே பரவுகிறது. மொத்தம் 700 ஹெக்டேரில் 460 ஹெக்டேர் நாணல் காடாக வேண்டும் என்பது குறிக்கோள்.

இந்த நாணலை நாடி வந்த விருந்தாளி பிட்டர்ன் என்னும் கொக்கு இனப் பறவை. பழுப்புக் கோடுகளுடன் நாணலோடு நாணலாக நிற்பதால் கண்ணில் படாது. ஆனால் ஆண் பறவையின் முழக்கம் சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். கணக்கெடுப்போர் அந்த முழக்கத்தைத்தான் எண்ணுகிறார்கள். 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் முழங்கியவை 11 மட்டுமே. பல இடங்களில் நாணல் காடுகளை உருவாக்கியும் பழையவற்றைப் பேணியும் வந்ததால், 2019-இல் அந்த எண்ணிக்கை 200-ஐ நெருங்கியது. நீடிங்வொர்த்தின் பழைய குழிகளிலிருந்தும் அந்த முழக்கம் எழுகிறது.