கையெழுத்துக்கு முன் கடைசி இரண்டு எழுத்து



கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஒரு மாணவன் ஆங்கிலத்தில் ‘குக்கர்’ என்று எழுதியிருந்தான். அவன் தந்தை பிரியாணி மாஸ்டர். சிரித்துவிட்டோம், பிறகு யோசித்தால் பையன் கணக்கில் நியாயம் இருந்தது. நெய்வது ‘வீவ்’, ஈ.ஆர். சேர்த்தால் ‘வீவர்’, நெசவாளர். சாயம் தோய்க்கும் ‘டை’, ‘டையர்’ ஆகிறது. அப்படியானால் ‘குக்’, ‘குக்கர்’தானே? ஆனால் ஆங்கிலத்தில் சமைப்பவருக்கும் ‘குக்’ என்றே பெயர். குக்கர் என்பது அடுப்பில் விசிலடிப்பது.

ஈ.ஆர். ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். ‘கம்ப்யூட்டர்’ ஒரு காலத்தில் கணக்குப் போடும் மனிதருக்கு வழங்கிய பெயர். வேலை இயந்திரத்துக்குப் போனதும் பெயரும் கூடவே போய்விட்டது. ‘டிரான்ஸ்லேட்’ போல ஏ.டி.ஈ. என்று முடியும் வினைகள் பெரும்பாலும் ஓ.ஆர். எடுக்கும்: டிரான்ஸ்லேட்டர், கால்குலேட்டர். ‘அப்ளை’ செய்பவரோ ‘அப்ளிகண்ட்’. அவர் கொடுக்கும் தாள் ‘அப்ளிகேஷன்’. இவற்றில் தவறினால் பரீட்சையில் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவே.

ஈ.ஈ. அப்படியல்ல. மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். அரபியில் காதிப் என்றால் எழுதுபவர், மக்தூப் என்றால் எழுதப்பட்டது. ஹாமித் புகழ்பவர், மஹ்மூத் புகழப்பட்டவர். ஆங்கிலத்தில் ஈ.ஆர்., ஓ.ஆர். ஆகியவை செய்பவரைக் காட்டும், ஈ.ஈ., செயல் யாருக்கு நடக்கிறதோ அவரைக் காட்டும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு புழங்கியது. அந்த வழியில் வந்த விகுதி என்பதால் சட்டத் தாள்களில் இது நிறையக் காணப்படும். எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயி வேலைக்கு வைக்கப்பட்டவர். ஹிபா பத்திரத்தில் டோனர் கொடுப்பவர், டோனி பெறுபவர். (‘அப்சென்டி’ போன்ற சில சொற்கள் இந்தக் கணக்கில் அடங்கா.)

அடமானப் பத்திரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடன் ‘பெறுவது’ நாம், ஆகவே ‘மார்ட்கேஜி’ நாம் என்று நினைத்துவிடுகிறோம். வினை கடன் கொடுப்பதல்ல, அடமானம் வைப்பது. வைக்கும் நாம் மார்ட்கேஜர்; யாரிடம் வைக்கிறோமோ அந்த வங்கி மார்ட்கேஜி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், நண்பரின் கடன் தாளில் ‘கேரண்டர்’ என்ற இடத்தில், சாட்சிக் கையெழுத்து என்று எண்ணிக் கையொப்பமிட்டார். நண்பர் தவணையை நிறுத்தியதும் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது. மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் அதில் போயிற்று. சாட்சி என்றால் அங்கே ‘விட்னஸ்’ என்று இருக்கும். கேரண்டர், பொறுப்பை ஏற்பவர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன் நிற்பவரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமம். அவரிடம் இதை முன்பே சொல்ல ஆளில்லாமல் போனது எங்களுக்கு இன்றும் வருத்தம்.

வங்கி டெபாசிட்டில் வரும் ‘நாமினி’யும் ஈ.ஈ.தான்: பெயர் குறிக்கப்பட்டவர். வங்கியிடம் பணத்தைப் பெற்றுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதனாலேயே பணம் முழுதும் அவருடையதாகிவிடாது. உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு டெபாசிட் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. மார்க்கப்படி மற்ற வாரிசுகளுக்குள்ள பங்கு அப்படியே நிற்கிறது. அண்ணன் பெயர் நாமினியாக இருப்பதால் தங்கைக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் பேசுவது சரியல்ல.

கையெழுத்திட வேண்டிய ஆங்கிலத் தாள் எதுவானாலும் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ். அந்த மாணவனின் விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பிவிட்டோம்.